லோகாவின் குரலும் என் கையெழுத்தும்

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும். எண்ணூர்ப் பக்கமிருந்து கரிப்புகை வாசனை.

சுகர், வெறும் வயிற்றில்: 164. டாக்டரம்மா இதை மட்டும்தான் எழுதச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு நம்பர், மீதிப் பக்கம் காலி. காலியாக விட மனசு வருவதில்லை. அஞ்சாங்கிளாஸ் வரை படித்தது எதற்கு.

வேலை: ரேஷன் (பாமாயில் வரவில்லை, பருப்பு உண்டு). வெள்ளை மாத்திரை தீர்ந்தது. மாடியில் நெத்திலி காய்கிறது, பூனைக்குக் காவல்.

பத்து மணிக்கு போன். குரல் கம்பெனி. ரெண்டு வருஷம் முன்பு எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர் போனில் பேசிப் பேசிக் கொடுத்தோமே, அவர்கள். கம்ப்யூட்டருக்கு நம் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுக்க. அப்போது வந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டானாம். இப்போது ஒரு பெண், ஷமீமா. பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. மரியாதையான பேச்சு.

"ஆயா, நீங்கதான குழுத் தலைவி தனம்? புதுசா சட்டம் வந்துகீது. ஒவ்வொருத்தர் கிட்டயும் நேர்ல சம்மதம் வாங்கணும். நாளைக்கு வரட்டா?"

"வா கண்ணு" என்றேன். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய், காய்ந்த நெத்திலியை ரெண்டு தடவை புரட்டிப் போட்டேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் எழுதலாம். நான் கொடுத்ததில் ஒன்று என் குரல் இல்லை. லோகாவுடையது. என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. ரெண்டு தெரு தள்ளி வீடு. பதினாலு வருஷமாகப் பேச்சு இல்லை.

அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 4, புதன்

சு. 181. நேற்று ராத்திரி தூக்கம் சரியில்லை.

சங்கக் கட்டடத்தில் பதினோரு மணிக்குக் கூடினோம். ஷமீமா வந்தாள். தலையில் ஊதாத் துணி, கையில் கனத்த ஃபைல், ஒரு சின்ன கம்ப்யூட்டர். டீ வேண்டாம் என்றாள், அப்புறம் குடித்தாள்.

பேப்பரைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போன தடவை அப்படித்தான். இவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள், தமிழில். எதற்குக் குரல், யாருக்குப் போகும், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது. "சட்டமே அப்படித்தான் சொல்லுது. உங்களுக்குப் புரியற பாஷைல சொல்லணும். புரியாம வாங்கின கையெழுத்து கையெழுத்தே இல்ல."

இட்லிக்கடை சரசு: "நான் மீன்காரன வாய்க்கு வந்தபடி திட்டுனேனே, அதயும் மிஷினு கத்துக்கிச்சா?"

"கத்துக்கிச்சு ஆயா."

"அய்ய! நாளைக்கு அது கலெக்டர அந்த மாதிரி பேசுனா என்ன புடிப்பாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். மிஷின் பேசினால் இது மிஷின் என்று சொல்லித்தான் பேச வேண்டும், அதற்கும் விதி வருகிறது என்றாள் ஷமீமா. அப்போ மனுஷன் பேசினால் மனுஷன் என்று அடையாளம் போடணுமா என்று சரசு. அவளுக்கு வாய் ஓயாது.

இன்னும் சொன்னாள், நினைவில் உள்ளது: டெல்லியில் சட்டம் போட்டாயிற்று, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அமலுக்கு வரும். அதற்குள்ளே ஏன் அவசரம் என்றால், இவர்களிடம் குரலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி இப்போதே கேட்கிறது. அங்கே கெடுபிடி அதிகம். மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, கேட்டுத்தான் எடுத்தீர்களா என்று எழுதிக் காட்ட வேண்டும். காட்ட முடியாததை வைத்திருக்கக் கூடாது.

பிறகு: "தலைவி எல்லாருக்கும் சேத்துப் போட்ட பழைய கையெழுத்து செல்லாது. கோச்சுக்காதீங்க ஆயா."

கோபித்துக்கொள்ளவில்லை. முகம் சுட்டது.

ஒவ்வொருத்தியும் கம்ப்யூட்டர் முன்னால் நாலு வார்த்தை பேச வேண்டும். பழைய குரலும் இதுவும் ஒன்றா என்று அது பார்க்கும். நான் தலைவி, கடைசியில் உட்கார்ந்தேன்.

"உங்களுது ரெண்டு கீது ஆயா. ஒண்ணு காசிமேட்டுல பேரம் பேசறது. இன்னொண்ணு ஒப்பாரி. அந்த ஒப்பாரில ரெண்டு வரி பாடுங்க."

என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன். "சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி பாடக்கூடாது கண்ணு. சாவ வெத்தல பாக்கு வெச்சு கூப்புட்டாப்ல."

"ஆமாம்மா, அத மட்டும் கேக்காத" என்று எல்லோரும் எனக்காகப் பேசினார்கள். சரசு கூட. உண்மையான வழக்கம்தான். அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளிந்துகொண்டது எனக்கு மட்டும் தெரியும்.

ஷமீமா தலையாட்டினாள். "சரி ஆயா. எனக்குத் தெரியாது. சும்மா பேசுங்க, போதும்."

மீன் விலை பேசினேன். வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி.

பிப்ரவரி 6, வெள்ளி

சு. 193. டாக்டரம்மா திட்டப்போகிறாள். மாத்திரை வாங்கியாயிற்று.

மத்தியானம் ஷமீமா போன்.

"ஆயா, மீன் விலை ஒத்துப் போவுது. ஒப்பாரி உங்க குரல் இல்லன்னு வருது."

"அன்னிக்கு சளி புடிச்சிகினு இருந்துச்சி."

"ரெண்டு தடவ பாத்துட்டேன் ஆயா." அப்புறம் மெதுவாக: ஒரு குரல் யாருடையது என்று தெரியாவிட்டால் எங்கள் குழு கொடுத்த எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பார்கள். பதினோரு பேர் கையெழுத்தும் என்னால் தொங்கும். "உங்கள மாட்டி வுடறதுக்குக் கேக்கல. அந்தக் குரலுக்கு ஒரு ஆளு இருக்காங்க இல்ல. அவங்கள யாருமே கேக்கலியே, அதான். திங்கக்கெழம வூட்டுக்கு வரேன்."

சளி என்று சொன்னேன். அறுபத்தெட்டு வயசில்.

ரேவதி (மருமகள்) சோறு போடும்போது பார்த்தாள். "இன்னா அத்தே, சாப்டாம கெளர்றீங்க?" சொல்லிவிட்டேன் எல்லாவற்றையும். சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்கள். ஆகவில்லை.

அவள் சொன்னது: "அத்தே, நீங்க யாரயும் மன்னிக்க மாட்டீங்க. ஒங்கள மட்டும் ரெண்டு வருஷமா மன்னிச்சிகினு இருந்துகீறீங்க."

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஆறு மாசம் பேசாமல் இருந்திருப்பேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சு. எழுத மறந்தேன். வெயில். மீன் வாங்கவில்லை, கத்தரிக்காய்.

லோகா மேல் எனக்கு என்ன கோபம் என்று எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது.

என் வீட்டுக்காரர் செத்த வருஷம். அவர் போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது, மூன்று பேர் நீந்தி வந்தார்கள், அவர் வரவில்லை. காரியம் முடிந்து நான் முதல் தடவை குழாயடிக்குப் போன நாள். புரட்டாசி சனிக்கிழமை. லோகா கையில் பச்சைக் குடம், வாய் உடைந்தது. அரக்கு ஜாக்கெட். எனக்குப் பின்னால் மூன்றாவதாக சரசு. லோகா யாரையோ பார்த்துச் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி: "காலைல இவ மூஞ்சில முழிச்சிட்டு போனாரே மாமா, அப்பவே நென்சேன்."

அவ்வளவுதான். குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. கல்யாணம், காதுகுத்து, எதற்கும் இல்லை.

இனி மற்றது.

குரல் கம்பெனி ஆள் அப்போது கேட்டது: பேரம், சண்டை, தாலாட்டு, அழுகை. "நிஜமா அழுவுற குரல் வேணும்மா, நடிக்கக் கூடாது." மற்ற மூன்றையும் பெண்கள் கொடுத்துவிட்டார்கள். அழுகை மட்டும் யாரும் முன்வரவில்லை, சாவு இல்லாமல் யார் அழுவார்கள். தலைவி நான், நான் பார்த்துக்கிறேன் என்றேன். ரெண்டு நாள் குளியலறையில் தாளிட்டு முயற்சி செய்தேன். தொண்டையில் ஒன்றும் வரவில்லை.

அந்த வாரம்தான் லோகாவின் பிள்ளை பாபு செத்தான். பைக்கில் வந்தவனை கண்டெய்னர் லாரி. முப்பத்திநாலு வயசு.

பாபு யார் எனக்கு? அவன் பிறந்து நாற்பது நாளில் லோகாவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். என் மகன் செல்வம் அப்போது கைக்குழந்தை. இந்தப் பக்கம் செல்வம், அந்தப் பக்கம் பாபு. என்னைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவான். நான் அவன் ஆத்தாவோடு பேசாத பன்னிரண்டு வருஷமும் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போவான்.

சாவு வீட்டுக்குப் பகையாளியும் போகலாம். போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கழுத்தைக் கட்டி அழுதார்கள். நான் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றேன். முந்தானைக்கு அடியில் போன். லோகா பாடினாள். போன் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை, பட்டன் சரியாக அமுங்கியதா என்பதிலேயே கவனம். மறுநாள் என் குரல் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு தடவை கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

காசுக்குச் செய்யவில்லை. தலைவிக்கு அழத் தெரியவில்லை என்று வரக்கூடாது, அதற்கு. இன்னொன்றும் உண்டு. குழாயடியில் அவள் என்னிடமிருந்து எடுத்ததற்கு நான் இதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று எனக்கு அழுகையே வரவில்லை. நான் பால் கொடுத்த பிள்ளை கூடத்தில் கிடந்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

சு. 188. லேசான தூறல், இந்த மாசத்தில் அதிசயம்.

ஷமீமா வந்தாள். சொல்லிவிட்டேன். எழுதிப் பார்த்திருந்ததால் வரிசையாக வந்தது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியுமா ஆயா?"

"தெரியாது."

"சாவு வூட்ல…" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. திட்டியிருக்கலாம். அவள் திட்டாதது கஷ்டமாக இருந்தது.

அடுத்து என்ன என்று கேட்டேன். கம்பெனி சார்பில் ஷமீமா நேரில் போய் லோகாவிடம் சொல்ல வேண்டும். இப்படி எடுத்தது தப்பு, இது உங்கள் குரல், வைக்கட்டுமா அழிக்கட்டுமா. அவள் சொல்வதுதான் முடிவு. "உங்க பேர சொல்லாம இருக்க முடியாது ஆயா."

"நீ சொல்ல வாணாம். நான் சொல்றேன். நீ கூட வா."

பிறகு ரெண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அழிச்சிட்டா? மிஷினு ஏற்கெனவே கத்துக்கினது?"

அவள் பொய் சொல்லவில்லை, அதற்கு அவளுக்கு நல்லது நடக்கட்டும். "எங்க கிட்ட இருக்கிறத அழிச்சிடுவோம். வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதி அவங்களயும் அழிக்க வெப்போம், அழிச்சாச்சுன்னு பதில் வாங்குவோம். கத்துக்கினத மறக்கடிக்க முடியுமான்னு எனக்கே தெரியல ஆயா. சட்டத்துலயும் அது தெளிவா இல்ல. எல்லா நாட்லயும் இன்னும் பேசிகினுதான் கீறாங்க."

என்னை மாதிரி மிஷின். ஒரு தடவை உள்ளே போனால் வெளியே வராது.

பிப்ரவரி 11, புதன்

சு. 176. வெயில் சுள்ளென்று.

லோகா வீடு. நாலு மணி. கதவு திறந்திருந்தது, கீழே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. தூரத்தில் பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை. சுவரில் பாபு படம், மாலை பிளாஸ்டிக்.

"இன்னா, வழி தெரியாம வந்துட்டியா?" என்றாள், இறாலைப் பார்த்தபடி.

"தெரிஞ்சிதான் வந்தேன்."

"இது யாரு, ஒன் பேத்தியா?"

"கம்பெனி பொண்ணு."

வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். போன், முந்தானை, என் குரல் என்று கொடுத்தது. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு இறாலை ஓட்டோடு சட்டியில் போட்டாள், பிறகு எடுத்தாள்.

"காசுக்கா?"

"இல்ல. என்னால அழ முடியல."

"குழாயடில சொன்னதுக்கா?"

"அதுக்குந்தான்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஆமா சொன்னேன். தப்புதான் சொன்னேன். ஆனா ஒன் காது கேக்க, ஒன் எதுருல நின்னு சொன்னேன். முந்தானைக்குள்ள ஒளிச்சி எட்த்துகினு போவல."

பதினாலு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்குச் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஷமீமா தன் பங்கைச் சொன்னாள், படித்துக் காட்டினாள், மன்னிப்புக் கேட்டாள். லோகா கேட்டது இது: "அப்ப எங்கியோ ஒரு மிஷினு என் புள்ளைக்கு அழுவுதா?"

"உங்க குரல்லயே அழுவாது ஆயா. ஆயிரம் பேரு அழுததோட கலந்துபோயிருக்கும்."

"ஆயிரம் பேரயும் கேட்டா எட்த்தாங்க?"

ஷமீமா குனிந்துகொண்டாள். "அதத்தான் ஆயா இப்ப ஒவ்வொருத்தரா கேட்டுகினு வரோம்."

"போடு. கேக்கறேன்." உடனே கையை நீட்டி, "இங்க வாணாம். வூட்டுக்குள்ள அத போடாத. வா."

கைகழுவிக்கொண்டு முன்னால் நடந்தாள். கடலோரக் கல்குவியல். மூவரும் உட்கார்ந்தோம், நடுவில் ஷமீமா. அலைச் சத்தத்தில் கேட்குமோ என்று நினைத்தேன். கேட்டது.

நான் எடுத்ததை நான் கேட்பது முதல் தடவை. முழுதாகக் கேட்டேன். ஒரு தடவை எனக்குப் போதும், அப்படியே நிற்கும். பாதியில் லோகா பாபுவிடம் சொல்கிறாள்:

(இந்த இடத்தில் மூன்று வரி இருந்தது. நானேதான் அடித்தேன். காரணம் கடைசியில்.)

ஒரு தாயி தலமாட்டுல, ஒரு தாயி வாசப்படில, நான் கூப்ட்டா வரமாட்டா, நீ கூப்டு ராசா

போன் நின்றது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, ரெண்டு வருஷம் கழித்து, கல்லின் மேல். லோகா என் பக்கம் திரும்பவில்லை.

ஷமீமா கேட்டாள், குரல் தேய்ந்து: "என்ன செய்யட்டும் ஆயா?"

"அழிச்சிடு."

"உங்களுக்கு ஒரு காப்பி வேணுமா? உங்க குரல், உங்க பையன் பேரு…"

"வாணாம். அது மிஷினுக்குப் பாடுனது இல்ல." பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டு, "இவளுக்குப் பாடுனது. நின்னுகினு இருந்தாளே, உள்ள வருவான்னு பாத்தேன். கேக்கவே இல்லியாமே இவ."

எழுந்து போனாள். போகும் முன் ஷமீமா நீட்டிய தாளில் கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டாள். லோகநாயகி. அவளுக்கு எழுதத் தெரிந்தது இந்த ஒன்றுதான், கல்யாணமான புதுசில் நான் சொல்லிக்கொடுத்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

சு. 169.

ஷமீமாவிடமிருந்து தாள் வந்தது, ரெண்டு பிரதி. லோகநாயகி அவர்களின் குரல் பதிவு அவர் கேட்டபடி அழிக்கப்பட்டது, வாங்கிய கம்பெனியும் அழித்ததாக எழுதிக் கொடுத்துள்ளது. கீழே ஒரு வரி: ஏற்கெனவே பயிற்சி பெற்ற மிஷினைப் பற்றி உறுதி சொல்ல இயலவில்லை. அந்த வரியை எழுத அவளை விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். எழுதியிருக்கிறாள்.

குழுக் கூட்டம். எல்லார் முன்னாலும் சொன்னேன். அன்று பாடக்கூடாது என்று சொன்னது வழக்கத்துக்காக இல்லை, தப்பிக்க என்றும். தலைவி வேண்டாம், வேறு யாராவது இருங்கள் என்றேன். சரசு: "நாங்க ஒன்ன எறக்குறதுக்குள்ள நீயே எறங்கிட்டியா? அதுலயும் முந்திகினியே." யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. சரசுதான் இனி. பதினோரு பேர் பதிவும் தடை இல்லாமல் போகும். என் மீன் விலையையும் எடுத்துவிடச் சொன்னேன்.

சாயந்திரம் இந்த நோட்டைத் திருப்பினேன், டாக்டரம்மாவிடம் காட்ட நம்பர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று. புதன்கிழமைப் பக்கம். லோகா பாடியது நாலு வரி, என் கையெழுத்தில்.

அங்கே அழித்தாயிற்று. வெளிநாட்டில் அழித்தாயிற்று. இங்கே இருக்கிறது. மறுபடியும் அவளைக் கேட்காமல் எடுத்திருக்கிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அப்போதும் போனை ஒளித்தேன்.

கிழிக்கப் போனேன். கிழிப்பதும் அவளைக் கேட்காமல் செய்வதுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சுகர் பார்க்கவில்லை. காலையிலேயே நோட்டோடு லோகா வீட்டுக்கு.

மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னா இது?"

"சுகர் நோட்டு. இதுல நீ பாடுனது நாலு வரி எழுதிட்டேன். ஒன்ன கேக்கல."

"ஒனக்கு இன்னும் புத்தி வர்ல."

"வர்ல. அதான் கேக்க வந்தேன். வைக்கட்டா, அடிக்கட்டா?"

"படி."

"வூட்டு வாசல்ல எப்டி…"

"ராகம் போடாத. ரேஷன் கார்டு படிக்கற மாரி படி."

வாசற்படியில் நின்று படித்தேன். ரேஷன் கார்டு மாதிரி. முதல் மூன்று வரி அவன் பால் குடித்தது, அவன் நடந்தது, அவன் வண்டி. நாலாவதில் என் குரல் நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். முடித்தேன்.

"மூணு வரிய அடி. அது அவனுது. வாசப்படி வரிய வையி."

"ஏன்?"

"நீ தெனம் சுகர் எழுதற இல்ல? தெனம் கண்ணுல படட்டும்."

பேனா கொண்டுபோகவில்லை. அவளே உள்ளே போய் எடுத்து வந்து நீட்டினாள், பாபு சட்டைப்பையில் வைத்திருந்த மாதிரி நீலப் பேனா. அவனுடையதா என்று கேட்கவில்லை. நோட்டைத் தொடையில் வைத்து அடித்தேன். எட்டிப் பார்த்து, "எழுத்து தெரியுது, இன்னும்" என்றாள். தாள் பின்பக்கம் கிழியும் வரை அடித்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு மீனிடம் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

பனி இல்லை. சு. 171. வாசப்படி வரியைப் படித்தேன்.